கடைசி இடத்துக்கு முதல் பரிசு!

வகுப்பில் கடைசி மார்க் வாங்கிய பையனைக் கூப்பிட்டு, 'முதல் பெஞ்சில் உனக்குப் பிடித்த இடத்தை நீயே எடுத்துக்கோ' என்று வாத்தியார் சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் என்.எஃப்.எல் ஃபுட்பால் லீகில் வருஷா வருஷம் இதுதான் நடக்கிறது.

மொத்தம் 32 அணிகள். போன சீஸனில் மிக மோசமாக ஆடிய அணிக்குத்தான், கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். ஐ.பி.எல் மாதிரி ஏலம் கிடையாது. பணத்தை அள்ளி வீசி ஆளைத் தூக்க முடியாது. வரிசைப்படிதான் எடுக்க வேண்டும். வேண்டுமானால் தன் இடத்தை இன்னோர் அணியோடு மாற்றிக்கொள்ளலாம்.

அப்படி முதல் வாய்ப்பு கிடைத்த அணிகள் பெரும்பாலும் தேடுவது ஒருவரைத்தான். அவர் குவார்ட்டர்பேக்.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகனோ மருமகளோ ஞாயிற்றுக்கிழமை போனில் 'அப்புறம் பேசறேம்மா' என்று அவசரமாக வைத்தால், டி.வி-யில் இவர் பந்தை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். இது நம் ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து எறிந்தோ ஓடியோ, நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். கிட்டத்தட்ட எல்லா முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் கைக்குத்தான். எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா? யோசிக்கக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. எதிரில் நூறு கிலோவைத் தாண்டிய ஆட்கள் இவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள்.

சரி, தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணி இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆளைத் தேட வேண்டும்?

கை பலமா, கண் பலமா?

2007-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் முதல் ஆளாக எடுத்தது ஜமார்கஸ் ரஸலை. ஆஜானுபாகு. பந்தை எறிந்தால் மைதானத்தின் அந்தக் கோடிக்கே போகும் என்று பேசிக்கொண்டார்கள். 2010-ல் அணியே அவரை அனுப்பிவிட்டது. ரஸல் வருவதற்கு ஏழு வருஷம் முன்னால், 2000-ல், டாம் பிராடி என்று ஒல்லியாக ஒருவர் வந்தார். வேகமும் இல்லை. 198 பேரை எடுத்து முடித்த பிறகு, 199-வது ஆளாகத்தான் அவர் பெயர் வந்தது. அவருக்கு முன்பே ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். பிராடி ஜெயித்த சூப்பர் பவுல்கள் ஏழு!

எவ்வளவு தூரம் எறிகிறார் என்பதை டேப் வைத்து அளக்கலாம். அந்த இரண்டு விநாடியில் யார் காலியாக நிற்கிறார் என்று பார்க்கும் கண்ணை அளக்க டேப் இல்லை. நஷ்டத்தில் இருக்கும் அணி தேட வேண்டியது அந்தக் கண்ணை.

விழுந்தால் எழுவாரா?

1998-ல் முதல் இடத்தில் பேட்டன் மேனிங், அடுத்த இடத்தில் ரயன் லீஃப். 'இவரா, அவரா' என்று அமெரிக்காவே பட்டிமன்றம் நடத்தியது. முதல் சீஸனில் மேனிங் எறிந்த பந்துகளில் 28-ஐ எதிரணி பறித்தது. புதுமுக வீரர்களில் அது ரெக்கார்டு! அவருடைய இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 16 ஆட்டங்களில் 13-ல் தோற்றது. அடுத்த வருஷம் அதே அணி 13-ல் ஜெயித்தது. தன் தவறுகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தவர் மேனிங். லீஃபை 2001-லேயே சார்ஜர்ஸ் அணி கைவிட்டது.

தோற்கும் அணிக்கு வரும் பையன் முதல் வருஷம் அடிவாங்கத்தான் செய்வான். ஆகவே கல்லூரியில் அவன் ஜெயித்த ஆட்டங்களைவிட, தோற்ற ஆட்டத்துக்கு அடுத்த வாரம் எப்படி ஆடினான் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

வீடு தயாரா?

அணிகள் தங்களையே கேட்டுக்கொள்ள மறக்கும் கேள்வி இது. 2002-ல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் புத்தம் புது அணி. முதல் ஆளாக டேவிட் கார் வந்தார். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று காப்பவர்கள் ஐந்து பேர். அந்தச் சுவரில் ஓட்டை. ஒரே சீஸனில் கார் 76 முறை பந்தோடு தரையில் சாய்க்கப்பட்டார். அதுவும் ரெக்கார்டுதான். இப்படி அடிவாங்கிய பையனுக்குக் கண் எங்கே போகும்? தூரத்தில் ஓடும் தோழனைப் பார்க்காது, தன்மேல் பாயப்போகிறவரைத்தான் பார்க்கும்.

கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் வேறு வழியில் போனது. 2017-ல் பத்தாவது ஆளாக பேட்ரிக் மஹோம்ஸை எடுத்து, அனுபவசாலியான அலெக்ஸ் ஸ்மித் பக்கத்தில் ஒரு வருஷம் உட்கார வைத்தது. அந்த சீஸனில் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அடுத்த வருஷம் 50 டச்டவுன் எறிந்து லீகின் சிறந்த வீரர் ஆனார்.

பொறுமை இருக்கிறதா?

கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் 2017-ல் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த வருஷம் முதல் ஆளாக பேக்கர் மேஃபீல்டு வந்தார். மூன்றாவது சீஸனிலேயே, 1994-க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃபில் ஒரு வெற்றி. அதற்கடுத்த வருஷம் தோள்பட்டைக் காயத்தோடு ஆடினார், சரியாக வரவில்லை. அணிக்குப் பொறுமை போய்விட்டது. 2022-ல் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து, 23 கோடி டாலர் சம்பள உத்தரவாதத்தோடு டெஷான் வாட்சனை அழைத்து வந்தது. நடத்தை விதி மீறலுக்காக 11 ஆட்டத் தடை, பிறகு காயங்கள். மூன்று சீஸனில் அவர் ஆடியது 19 ஆட்டங்கள்தான். மேஃபீல்டோ 2023-ல் டாம்பா பே அணியைப் பிளேஆஃபுக்கு அழைத்துப்போய் அங்கேயும் ஓர் ஆட்டம் ஜெயித்துக் காட்டினார்.

2018-ல் மூன்றாவது ஆளாக வந்த சாம் டார்னால்டும் இப்படித்தான். நியூயார்க் ஜெட்ஸ் மூன்று வருஷத்தில் அனுப்பிவிட்டது. 2024-ல் மினசோட்டா வைகிங்ஸ் அவரை வைத்து 17-க்கு 14 ஜெயித்தது. ஆள் அதே ஆள்தான். சுற்றி இருந்தவர்கள் மாறியிருந்தார்கள்.

இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் வந்து பத்து வருஷத் தோல்வியைத் துடைத்துவிடுவான் என்று ஓர் ஊரே காத்திருக்கும். அந்தச் சுமையை அவன் தலையில் மட்டும் வைத்த அணிகள், சில வருஷத்தில் மறுபடி அதே வரிசையின் முன்னால் வந்து நின்றிருக்கின்றன.

டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் நடக்கும். முதல் ஆளாகக் குவார்ட்டர்பேக் பெயரை அறிவித்ததும் டி.வி-யை அணைத்துவிடாதீர்கள். அந்த அணி அடுத்து யாரை எடுக்கிறது என்று பாருங்கள். அவனுக்கு முன்னால் நின்று காக்கும் ஆளாக இருந்தால், அந்தப் பையன் பிழைத்துக்கொள்வான் என்று நம்பலாம்.