பாயும் மோட்டாரும் சேர்ந்த படகு: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

அமெரிக்காவில் சனிக்கிழமை காலையில் சாலையோரம் நின்றால் ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம். ஒரு கார் போகும். காரின் பின்னால் டிரெய்லர். டிரெய்லரின் மேல் ஒரு படகு! படகின் மேல் பாய்மரம் நீளவாக்கில் படுத்துக் கிடக்கும். பின்புறத்தில் மோட்டார் தொங்கும். காருக்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள். சில சமயம் நாயும் இருக்கும்.

கரையில் சிமெண்டுச் சரிவு கட்டியிருக்கிறார்கள். டிரெய்லரை அந்தச் சரிவில் பின்னோக்கி இறக்கினால் படகு மிதந்துவிடும். காற்று வீசினால் பாய். காற்று நின்றால் மோட்டார். இரவில் படகுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை படகு மறுபடியும் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். படகுத் துறைக்கு மாத வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் என்ன கேட்கிறார்? "எவ்வளவு வேகம் போகும்? எத்தனை பேர் படுக்கலாம்? என்ன விலை?" இந்த மூன்றும் தேவையான கேள்விகள்தான். ஆனால் முதல் கேள்வி இவற்றில் இல்லை.

"இந்தப் படகு கவிழாமல் இருக்க எது காரணம்?" அதுதான் முதல் கேள்வி.

சாலை போடும் கட்டளை

டிரெய்லரில் போகும் படகு, கடலுக்கு மட்டும் செய்த படகு அல்ல. சாலைக்கும் சேர்த்துச் செய்தது. அமெரிக்க நெடுஞ்சாலையில் தனி அனுமதி இல்லாமல் போக வேண்டுமானால் அகலம் எட்டரை அடிக்கு மேல் கூடாது. சாதாரணக் காரோ வேனோ இழுக்க வேண்டும் என்றால் எடையும் குறைவாக இருக்க வேண்டும்.

கடலோ வேறு கட்டளை போடுகிறது. பாய் விரித்தால் காற்று படகைச் சாய்க்கும். சாய்ந்த படகு நிமிர வேண்டுமானால் அடியில் கனம் வேண்டும்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எப்படித் தட்டினாலும் எழுந்து நிற்கும். ஏன்? அதன் கனமெல்லாம் அடியில் இருக்கிறது. பாய்மரப் படகும் அதே வித்தைதான்.

சாலைக்கு லேசாக இருக்க வேண்டும், நீருக்குக் கனமாக இருக்க வேண்டும். இந்தச் சிக்கலை எப்படி அவிழ்ப்பது? படகு கட்டுகிறவர்கள் இரண்டு வழி கண்டார்கள்.

முதல் வழி, கனத்தைப் படகோடு சேர்த்தே கட்டிவிடுவது. ஃபுளோரிடாவின் காம்பாக் 23 பைலட்ஹவுஸ் இந்த ரகம். அடியில் சுமார் 600 கிலோ எடை எப்போதும் உண்டு. டீசல் எஞ்சின் உள்ளே இருக்கிறது. மழை பெய்தாலும் நனையாமல் அறைக்குள் உட்கார்ந்து ஓட்டலாம். ஆனால் இழுக்கப் பலமான வண்டி வேண்டும். மிதக்க இரண்டேகால் அடிக்கு மேல் ஆழம் வேண்டும். வேகமும் குறைவு. கனமான படகு நீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. தான் எழுப்பும் அலையைத் தாண்டி அதனால் ஓட முடியாது. மணிக்கு ஏழு மைல் என்பதே அதற்குப் பெரிய ஓட்டம்.

இரண்டாவது வழிதான் விசித்திரம். நீரையே கனமாக்கிக் கொள்வது!

நாற்பது குடம் தண்ணீர்

கலிபோர்னியாவின் காஸ்டா மீசா நகரில் தயாரான மக்கிரிகர் 26எம் என்ற படகு இதற்குப் பேர் போனது. 26 அடி நீளம். வெறும் படகின் எடை சுமார் 1,150 கிலோ. வயிற்றில் ஒரு தொட்டி. படகை நீரில் இறக்கிப் பின்னால் உள்ள வால்வையும், முன்னால் உள்ள காற்றுத் துளையையும் திறந்தால் ஏரித் தண்ணீர் தானாக உள்ளே வரும். 500 லிட்டருக்கு மேல், அதாவது நம் வீட்டுக் கணக்கில் ஏறக்குறைய நாற்பது குடம்! திரும்பும்போது டிரெய்லரில் ஏற்றி வால்வைத் திறந்தால் அத்தனையும் வெளியே ஓடிவிடும். கார் இழுப்பது வெறும் படகைத்தான்.

பின்னால் 50 குதிரைச் சக்தி மோட்டார் மாட்டலாம். நீரின் மேல் வழுக்கிக்கொண்டு மணிக்கு 20 மைலுக்கு மேலும் ஓடும். முழு வேகத்தில் மணிக்கு 15 லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல் குடிக்கும் என்பது வேறு விஷயம்.

இதை "இரண்டுங்கெட்டான்" என்று கேலி செய்யும் பாய்மரக்காரர்கள் உண்டு. நல்ல பாய்மரப் படகைப் போல அழகாகப் பாயில் போகாது, நல்ல மோட்டார் படகைப் போல அலையை வெட்டாது என்பார்கள். அதில் பாதி உண்மைதான். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் கரையிலிருந்து காட்டலினா தீவு சுமார் 22 மைல். மெதுவான படகில் நாலு மணி நேரம். அமைதியான கடலில் இது ஒன்றரை மணியில் சேர்த்துவிடும். இரண்டே நாள் விடுமுறை உள்ள குடும்பத்துக்கு அது சிறிய விஷயமா? அலை பெரிதானால் இதுவும் ஊர்ந்துதான் போக வேண்டும் என்பதை மட்டும் விற்பவர்கள் மெல்லிய குரலில் சொல்வார்கள்!

ஆகவே வேகம் குற்றமல்ல. ஆபத்து அந்தத் தொட்டியில் இருக்கிறது.

"நிறைகுடம் தளும்பாது" என்கிறோம். இந்தப் படகுக்கு அது அப்படியே பொருந்தும். தொட்டி முழுவதும் நிறைந்திருந்தால் நீர் அசையாது. கனம் அடியிலேயே நிற்கும். பாதி நிறைந்திருந்தால்? படகு சாயும் பக்கம் நீரும் ஓடும். நிமிர்த்த வேண்டிய நீரே கவிழ்க்க உதவும். தொட்டி காலியாக இருந்தாலும் ஆபத்துதான். நிரந்தரமாக அடியில் வைத்திருப்பது 136 கிலோ மட்டுமே. அது போதாது. மேலே பத்துப் பேர் ஏறிவிட்டால் கனமெல்லாம் தலையில்!

2002 ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். வெர்மான்ட் மாநிலத்தில் சாம்பிளேன் ஏரி. நீர்த் தொட்டி வைத்த 26 அடிப் படகு ஒன்றில், தாங்கக்கூடியதற்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தார்கள். படகு கவிழ்ந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தன. தவறுகள் ஒன்றல்ல, பல. அவற்றில் ஒன்று: தொட்டி காலி.

ஒரு வால்வைத் திறந்து சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மனிதனுக்கு அந்தச் சில நிமிடம் இருப்பதில்லை. "பக்கத்தில்தானே போகிறோம், பாய் விரிக்கப் போவதில்லையே" என்று நினைப்பான். காலித் தொட்டியோடு மோட்டாரின் ஓட்டமும் கூடும். அது வேறு ஆசை காட்டும்.

இதனால் நீர்த் தொட்டிப் படகே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஒழுங்காக நிரப்பி ஓட்டும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கான மைல் போய் வந்திருக்கின்றன. ஆனால் அடியில் கட்டிய ஈயம் யார் மறந்தாலும் அங்கேயே இருக்கும். நீரோ, ஒருவர் நினைவு வைத்தால்தான் வரும். எந்தப் பொருளை வாங்கினாலும் புத்தகத்தைப் படிக்காமல் ஓட்டத் தொடங்குகிற குடும்பத் தலைவர் இருந்தால், சிறு பிள்ளைகளும் இருந்தால், மெதுவான படகே அந்த வீட்டுக்கு மேல். பிள்ளைகள் "ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறோம்?" என்று நச்சரிப்பார்கள். நச்சரிக்கட்டும்!

மற்றவை

பாய்மரத்தை நிமிர்த்தக் கால் மணி நேரம் போதும் என்று விளம்பரம் சொல்லும். பழகாத கைக்கு இரண்டு மடங்காகும். நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். மின்சாரக் கம்பி இருக்கிறதா? உலோகப் பாய்மரம் கம்பியில் பட்டு உயிர் போன சம்பவங்கள் உண்டு. டிரெய்லருக்குப் பிரேக் இருக்கிறதா என்பதும் முக்கியம். உப்பு நீரில் இறங்கிய சக்கரத்தை நல்ல நீரில் கழுவாவிட்டால் பேரிங் துருப்பிடித்து நடுச்சாலையில் நின்றுவிடும்.

மக்கிரிகர் தொழிற்சாலை 2013இல் மூடப்பட்டது. ஆகவே அந்தப் படகு இப்போது கைமாறித்தான் கிடைக்கும். பழைய படகில் மெத்தையின் நிறத்தைப் பார்ப்பதைவிட, வால்வு இறுக மூடுகிறதா, தொட்டி கசிகிறதா என்று பார்ப்பது நல்லது.

இதெல்லாம் விற்பவர் வீட்டு வாசலில் தெரியாது. படகை நீரில் இறக்கச் சொல்ல வேண்டும். மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கூடப் போக வேண்டும். தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்க்கலாம். நிரம்பியதா என்று முன்துளையில் குனிந்து பார்க்கும் வேலையை அம்மாவும் ஒரு முறை செய்து பழகலாம். அப்பா மறந்த நாளில் கேட்க ஒருவர் வேண்டுமே!

"தொட்டியை எப்போது நிரப்புவீர்கள்?" என்று கேட்கும்போது விற்பவர் தலையைச் சொறிந்து, "அதையெல்லாம் நான் நிரப்புவதே இல்லை, ஒன்றும் ஆகாது" என்றால், டிரெய்லரை மாட்டாமலே காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.