விண்வெளியில் சுற்றும் காரின் பூர்வீகம்... 725 கிலோ ‘எலிஸ்’ தந்த லோட்டஸ் ஏன் தள்ளாடுகிறது?

2018 பிப்ரவரி 6. எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஃபால்கன் ஹெவி ராக்கெட்டை முதல்முறையாக ஏவியது. அதன் உச்சியில் இருந்தது ஒரு சிவப்பு கார். விண்வெளி உடை போட்ட பொம்மை ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருக்க, பின்னணியில் பூமி தெரியும் அந்த வீடியோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அந்த கார் இன்னமும் சூரியனைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அது டெஸ்லாவின் முதல் காரான ரோட்ஸ்டர் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அதன் அடித்தளம் அமெரிக்காவில் பிறந்தது இல்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், ஹெத்தல் என்ற சின்ன கிராமத்தில் தயாரான ‘லோட்டஸ் எலிஸ்’ காரிலிருந்து வந்தது அது.

அதே லோட்டஸ், பிரிட்டனில் உள்ள தன் சுமார் 1,300 ஊழியர்களில் 550 பேர் வரை குறைக்கப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. ஹெத்தல் ஆலையே மூடப்படலாம் என்று அதற்கு முன்பு ஜூனில் செய்திகள் வந்தன. நிறுவனம் அதை மறுத்தது.

உலகின் மின்சார கார் அலைக்கு முதல் அடித்தளம் போட்டுக் கொடுத்த கம்பெனிக்கு இந்த நிலைமை ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

எலிஸ் என்ன கார்?

இரண்டே சீட். கூரையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டக்கூடிய கன்வெர்ட்டிபிள். 1995 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் ஷோவில் அறிமுகமாகி, 1996-ல் விற்பனைக்கு வந்தது. அப்போதைய உரிமையாளர் ரொமானோ ஆர்டியோலியின் பேத்தி எலிசாவின் பெயரைத்தான் காருக்கு வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது எடை. முதல் எலிஸ் சுமார் 725 கிலோதான். நம்ம ஊர் மாருதி ஆல்டோ 800-ம் ஏறக்குறைய அதே எடை. ஆனால் ஆல்டோவின் பவர் 50 பிஎச்பி-க்கும் குறைவு, எலிஸில் 118 பிஎச்பி. ஒரே எடை, இரண்டு மடங்குக்கும் மேல் பவர். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட சுமார் 6 விநாடி போதும். இத்தனைக்கும் உள்ளே இருந்தது ரோவர் நிறுவனத்தின் சாதாரண 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்.

எடையை எப்படிக் குறைத்தார்கள்?

பொதுவாக காரின் கூரையை எடுத்துவிட்டால் வண்டி வளைந்து கொடுக்கும். அதைச் சமாளிக்க அடியில் கூடுதல் இரும்பு சேர்ப்பார்கள். அதனால்தான் பல கன்வெர்ட்டிபிள்கள், கூரை உள்ள அதே மாடலைவிட கனமாக இருக்கின்றன.

லோட்டஸ் வேறு வழியில் போனது. அலுமினியத்தை ஜன்னல் ஃபிரேம் மாதிரி நீளநீளமான துண்டுகளாக அச்சு வழியே அழுத்தித் தள்ளி எடுத்து, எபாக்ஸி பசையால் ஒட்டியே சேஸிஸை உருவாக்கினார்கள். வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் அலுமினியம் பலம் இழக்கும். பசை ஒட்டினால் அந்தப் பிரச்சினை இல்லை, மெல்லிய அலுமினியமே போதும். இப்படிச் செய்த சேஸிஸின் எடை 68 கிலோ. ஒரு ஆளின் எடை. அதன் மேல் ஃபைபர் கிளாஸ் பாடி.

இரண்டு பக்கமும் உயரமான அலுமினிய விட்டங்கள் ஓடுவதால் கூரை இல்லாமலேயே வண்டி விறைப்பாக நிற்கும். ஒரே தொல்லை, அந்த விட்டத்தைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். வேட்டியோ புடவையோ கட்டியிருந்தால் ரொம்பக் கஷ்டம்!

ஏசி, பவர் ஸ்டீயரிங், பவர் விண்டோ எதுவும் முதல் எலிஸில் கிடையாது. தரையில் கார்பெட்கூட இல்லை, வெறும் அலுமினியம்தான் தெரியும். ஒவ்வொன்றையும் கழிக்கக் கழிக்க, அதைச் சுமக்கத் தேவைப்படும் எஞ்சின், பிரேக், டயர் எல்லாமே சின்னதாகும். லோட்டஸை ஆரம்பித்த காலின் சாப்மேன் 1982-ல் இறந்துவிட்டார். ஆனால் ‘முதலில் எளிமையாக்கு, பிறகு எடையைக் குறை’ என்று அவர் பெயரில் சொல்லப்படும் சூத்திரம்தான் எலிஸ்.

டெஸ்லா ஏன் ஹெத்தலுக்கு வந்தது?

2000-களின் மத்தியில் டெஸ்லா ஒரு சின்ன ஸ்டார்ட்அப். பேட்டரி, மோட்டார் பற்றித் தெரியும், கார் செய்யத் தெரியாது. அன்றைய பேட்டரிகளோ பயங்கர கனம். ஏற்கெனவே எடை குறைவான கார் ஒன்று கிடைத்தால்தான், பேட்டரியை ஏற்றிய பிறகும் ஓடுகிற வண்டியாக இருக்கும்.

எலிஸின் சேஸிஸை நீட்டி மாற்றியமைத்து, பாடியோடு சேர்த்து ஹெத்தலிலேயே தயாரித்து டெஸ்லாவுக்கு அனுப்பியது லோட்டஸ். லேப்டாப்பில் வருவது போன்ற 6,831 செல்கள் கொண்ட, சுமார் 450 கிலோ பேட்டரியை டெஸ்லா பொருத்தியது. எலிஸுக்கும் ரோட்ஸ்டருக்கும் பொதுவான பாகங்கள் கொஞ்சம்தான், இரண்டும் ஒரே கார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த எடை குறைந்த அடித்தளம் இல்லாமல் அந்த முதல் அடியை டெஸ்லா எடுத்திருப்பது கஷ்டம். 2008 முதல் 2012 வரை 2,400-க்கும் மேற்பட்ட ரோட்ஸ்டர்கள் விற்பனையாகின.

அப்புறம் எங்கே சறுக்கியது?

26 ஆண்டுகளில் தயாரான எலிஸ் கார்கள் மொத்தம் சுமார் 35,000. மாதக் கணக்கில் பார்த்தால் 110 சொச்சம். இந்தியாவில் மாருதி ஒரே மாதத்தில் விற்பது இதைவிடப் பல மடங்கு. பேரும் புகழும் கிடைத்த அளவுக்குப் பணம் வரவில்லை.

அதனால் லோட்டஸ் கைமாறிக்கொண்டே இருந்தது. 1986-ல் ஜெனரல் மோட்டார்ஸ், 1993-ல் ஆர்டியோலி, 1996-ல் மலேசியாவின் புரோட்டான், 2017-ல் சீனாவின் ஜீலி. ஜீலி கையில் பணம் இருந்தது, பெரிய கனவும் இருந்தது. சின்ன ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியை உலக அளவிலான சொகுசு மின்சார கார் பிராண்டாக மாற்றுவது என்று திட்டம் போட்டார்கள்.

2021-ல் எலிஸ் நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த முக்கியமான வண்டி எலெட்ரா என்ற மின்சார எஸ்யூவி. தயாராவது ஹெத்தலில் இல்லை, சீனாவின் வூஹானில். எடை சுமார் 2,500 கிலோ. மூன்று எலிஸ்களைத் தராசில் ஏற்றினாலும் இதற்கு ஈடாகாது!

ஹெத்தலுக்கு மிஞ்சியது எமிரா என்ற பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார். அதுவும் 1,400 கிலோவுக்குப் பக்கத்தில். கூரை திறக்காது.

2025-ல் என்ன ஆனது?

அந்த எமிராவுக்கு அமெரிக்கா முக்கியமான சந்தை. 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் வெளிநாட்டு கார்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டார். ஹெத்தலில் உற்பத்தி கொஞ்ச நாள் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் கார்கள் வரை 10 சதவீதம் என்று வரியைக் குறைத்தார்கள். முன்பு இருந்த 2.5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இதுவும் சுமைதான்.

எலெட்ராவும் தப்பவில்லை. சீனாவில் தயாராகும் மின்சார கார்களுக்கு அமெரிக்கா 2024-லேயே 100 சதவீத வரி போட்டது. ஐரோப்பிய யூனியனும் கூடுதல் வரி விதித்தது. பழைய ரசிகர்கள் இந்த எஸ்யூவியை லோட்டஸாகவே ஏற்கவில்லை. புது வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பெயரின் மேல் ஈர்ப்பு இல்லை. 2024-ல் மட்டும் லோட்டஸ் டெக்னாலஜி நிறுவனத்தின் நஷ்டம் 100 கோடி டாலருக்கும் மேல். முழுக்க மின்சாரத்துக்கு மாறுவோம் என்றவர்கள் இப்போது ஹைபிரிட் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

சீன உரிமையாளர்தான் காரணமா?

அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஜீலி வராமல் இருந்திருந்தால் எமிராகூட வந்திருக்குமா என்பதே சந்தேகம். எலிஸின் அடித்தளத்துக்கு 25 வயது ஆகிவிட்டது. ஏர்பேக், விபத்துப் பாதுகாப்பு, புகை விதிகள் என்று ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும். அந்த விதிகள் உயிர்களைக் காப்பாற்றுகின்றன என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் பக்கத்திலேயே வேறு உதாரணங்கள் இருக்கின்றன. சாப்மேன் 1957-ல் கொண்டுவந்த ‘லோட்டஸ் செவன்’ காரின் உரிமையை 1973-ல் கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கியது. இன்றும் அதையே செய்துகொண்டிருக்கிறது. 2021-லிருந்து அதன் உரிமையாளர் ஒரு ஜப்பான் நிறுவனம். மால்வெர்ன் நகரில் மோர்கன் நிறுவனம் இன்றும் கார் பாடிக்குள் மரச் சட்டம் வைக்கிறது. 2019-லிருந்து அதுவும் வெளிநாட்டு முதலீட்டாளர் கையில்தான். இரண்டுமே பெரிய கம்பெனியாக ஆசைப்படவில்லை. 2030-க்குள் புதிய பெட்ரோல், டீசல் கார் விற்பனையை நிறுத்தும் பிரிட்டனின் திட்டத்திலும், குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விலக்கு தருவதாக அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது.

ஆக, முதலாளி எந்த நாட்டுக்காரர் என்பதைவிட, அவர் அந்தக் கம்பெனியை என்னவாக மாற்ற நினைக்கிறார் என்பதுதான் இங்கே விஷயம்.

நமக்கு என்ன சம்பந்தம்?

2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தப்படி, பிரிட்டனில் தயாராகும் கார்களுக்கான இறக்குமதி வரி 100 சதவீதத்துக்கு மேல் இருந்து படிப்படியாக 10 சதவீதமாகக் குறையும். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. இந்தியாவில் 2.55 கோடி ரூபாய்க்கு அறிமுகமான எலெட்ராவுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அது சீனத் தயாரிப்பு. பலன் வந்தால் ஹெத்தலில் தயாராகும் எமிராவுக்குத்தான். ஆனால் அதைச் செய்யும் ஆட்களைத்தான் இப்போது குறைக்கிறார்கள்.

கோடீஸ்வரர்கள் கவலை நமக்கெதற்கு என்று கேட்கலாம். ஆனால் எடை எல்லாருடைய பிரச்சினை. வண்டி கனமாக ஆக, மைலேஜ் குறையும், டயர் சீக்கிரம் தேயும், பேட்டரி பெரிதாகும், விலையும் ஏறும். குறைந்த கரண்டில் அதிக தூரம் போகும் வண்டிதான் அடுத்த பத்தாண்டின் தேவை. எடையைக் குறைத்துக் கார் செய்வது எப்படி என்று கைப்பழக்கமாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். அவர்களில் 550 பேர் வரை இப்போது வேறு வேலை தேட வேண்டியிருக்கிறது.