கோடீஸ்வரனுக்கு ஒரு சட்டம், கூலிக்காரனுக்கு ஒரு சட்டமா?

திண்டிவனம் கோர்ட்டு வாசலிலோ விழுப்புரம் ஜில்லா கோர்ட்டு வாசலிலோ ஒரு நாள் நின்று பாருங்கள். அன்றையக் கூலியை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வந்து நிற்கும் விவசாயத் தொழிலாளர்களைக் காணலாம். வக்கீல் பீஸுக்குக் காசில்லை. பஸ் காசே கடன். 'வாய்தா தள்ளிப் போச்சு' என்ற ஒரே பதிலோடு ஊர் திரும்புகிறார்கள். இது நாம் அறிந்த வக்கீல் தொழில்.

வேறொரு வக்கீல் தொழிலும் உலகத்தில் உண்டு. லண்டனிலும் சிங்கப்பூரிலும் ஜெர்சித் தீவிலும் நடக்கும் தொழில் அது. பல நாடுகளில் சொத்துக் குவித்த கோடீஸ்வரக் குடும்பங்களே அந்த வக்கீல்களின் கட்சிக்காரர்கள். சொத்தை எந்த நாட்டில் வைப்பது? எந்த நாட்டுப் பிரஜையாவது? வரியை எப்படிக் குறைப்பது? பேரப்பிள்ளை காலம் வரை சொத்து கலையாமலிருக்க என்ன பத்திரம் எழுதுவது? இதுதான் அவர்கள் வேலை.

எப்படிச் செய்கிறார்கள்? 'டிரஸ்ட்' என்று ஒரு பத்திரம். முதலாளி தம் சொத்தை டிரஸ்டி பேரில் எழுதி வைக்கிறார். காகிதத்தில் சொத்து டிரஸ்டியுடையது. பலனோ முதலாளி குடும்பத்துக்கு! கடன் கொடுத்தவன் வந்தால், 'என் பேரில் ஒன்றுமில்லையே' என்று கையை விரிக்கலாம். டிரஸ்டின் கீழே ஏதோ ஒரு தீவில் கம்பெனி. கம்பெனியின் கீழே மாளிகை.

2016 ஏப்ரலில், பனாமா நாட்டின் மொசாக் பொன்சேகா என்ற வக்கீல் கம்பெனியின் 1 கோடியே 15 லட்சம் தஸ்தாவேஜுகள் வெளிவந்தன. அவற்றில் சுமார் 500 இந்தியர்களின் பெயர்கள் இருந்தன. 2020 பிப்ரவரியில் லண்டன் கோர்ட்டில், சீன பாங்கிகளின் கடன் வழக்கில், தம் சொத்தின் நிகர மதிப்பு பூஜ்யம் என்றார் அனில் அம்பானி. 2021 அக்டோபரில் வெளிவந்த பண்டோரா தஸ்தாவேஜுகளிலோ, அவரோடும் அவருடைய பிரதிநிதிகளோடும் தொடர்புடைய 18 வெளிநாட்டுக் கம்பெனிகள் இருப்பதாகப் பத்திரிகைச் செய்தி வந்தது. சட்டப்படி தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்திருப்பதாக அவருடைய வக்கீல் பதிலளித்தார்.

வெளிநாட்டில் கம்பெனி வைப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. மொசாக் பொன்சேகா வழக்கில் 28 பேரையும் 2024 ஜூனில் பனாமா கோர்ட்டு விடுதலை செய்தது. இத்தனையையும் சட்டப்படியே செய்ய முடிகிறதே, அதுதான் நம் குற்றச்சாட்டு!

நம் சர்க்கார் என்ன செய்தது? பெரும் சொத்து வாரிசுக்குப் போகும்போது வசூலிக்க 1953ல் வந்த எஸ்டேட் வரியை 1985ல் எடுத்துவிட்டது. சொத்து வரியை 2015ல் எடுத்துவிட்டது. செருப்பும் சோப்பும் வாங்கும் கூலிக்காரன் மட்டும் ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டிருக்கிறான்.

சொத்து கலையாமல் காக்கும் பத்திரம் ஏழைக்கு இருந்ததே இல்லையா? இருந்தது! செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892ல் பஞ்சமி நிலத் திட்டம் வந்தது. சென்னை ராஜதானியில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. 10 ஆண்டுகள் விற்கக்கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ளேயே கைமாறலாம் என்பது நிபந்தனை. அதன் கதி என்ன? பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. அந்த நிலத்தைக் கேட்டுக் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். கோடீஸ்வரன் பத்திரத்தில் ஒரு வரியை மீறினால் வக்கீல் பட்டாளமே எழுந்து நிற்கும். ஏழையின் பத்திரம் மீறப்பட்டால், கேட்டவனுக்கே குண்டு!

அப்படியானால் வக்கீல்கள் எல்லோரும் நம் எதிரிகளா? இல்லை. 1923ல் சென்னையில் மே தினக் கொடி ஏற்றிய சிங்காரவேலர் ஒரு வக்கீல்தானே! 1992 ஜூன் 20 வாச்சாத்திக் கொடுமையைப் பாருங்கள். 2011ல் தர்மபுரி கோர்ட்டு 215 சர்க்கார் ஊழியர்களைத் தண்டித்தது. 2023ல் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. வக்கீலுக்குப் பின்னால் சங்கம் நின்றது. சங்கத்துக்குப் பின்னால் மக்கள் நின்றார்கள். 31 ஆண்டுகள் தளராமல் நின்றார்கள்.

தோழர்களே! 1987ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உதவி உண்டு. விழுப்புரத்தில் ஜில்லா சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், தாலுகாவில் அதன் கமிட்டியும் இதற்காகவே இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள்! தனியாக அல்ல, சங்கத்தோடு போய்க் கேளுங்கள். உங்கள் கிராமத்துப் பஞ்சமி நிலக் கணக்கைத் தாலுகா ஆபீஸில் கேளுங்கள்.

பெரும் சொத்துக்கு மீண்டும் வரி போடு! டிரஸ்டுகளின் உண்மைச் சொந்தக்காரர் பெயரைப் பகிரங்கப்படுத்து! பஞ்சமி நிலத்தை மீட்டு உழைப்பவனுக்குக் கொடு! இந்தக் கோரிக்கைகள் ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் ஒலிக்கட்டும்!