உள்ளத்தின் நோவுக்கும் மருத்துவம் உண்டு

உடல் நொந்தால் மருத்துவரை நாடும் நாம், உள்ளம் நொந்தால் மட்டும் கதவை அடைத்துக்கொள்வது ஏன்? "ஈமான் குறைந்துவிட்டது" என ஊர் பேசுமே என்னும் அச்சந்தானே!

மகன் யூசுபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் துயரத்தால் கண்ணொளி இழந்தார்கள். அவர்களது ஈமானைக் குறை சொல்வார் உண்டோ? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ எனும் முஸ்லிம் அறிஞர், உடலைப் போலவே உள்ளத்துக்கும் மருத்துவம் வேண்டும் என எழுதி வைத்தார்.

அதனை மறந்தோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீ மூண்டபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி வெந்தனர். 28 உயிர்கள் போயின. பின்னர் அதே ஏர்வாடியில் துஆவோடு மருந்தும் வழங்கும் அரசுத் திட்டம் வந்தது. துஆவும் மருந்தும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நோய் முற்றும்வரை காத்திராதீர். மனநல ஆலோசகரிடம் நெஞ்சைத் திறந்து பேசுவதும் மருத்துவமே. கீழக்குயில்குடியில் வாழ்வோர்க்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை தொலைவன்று. நேரில் செல்லத் தயங்குவோர் 14416 எனும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பேசலாம்.

துஆவுக்கு ஏந்தும் கரங்களே மருந்தையும் ஏற்கட்டும்.