1639-இல் பிறந்தது கோட்டை, ஊர் அல்ல

ஆகஸ்ட் 22 வந்தால் சென்னைக்குப் பிறந்தநாள். கூடவே ஒரு பேச்சும் கிளம்பும்: “வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் வெள்ளைக்காரன்தான் வந்து ஊரை உண்டாக்கினான்.” படித்தவர்களே இதை நம்புவது எனக்கு வேதனை தருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘அங்கே ஊரே இல்லை.’ 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கோட்டை கட்டுவதற்காகப் பெற்ற மானியப் பத்திரமே மதராசப்பட்டினம் என்ற துறைமுகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெயருள்ள இடத்தைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

‘சுற்றிலும் சில குப்பங்கள்தான்.’ 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் விழாக்கள் வரிசையாக வருகின்றன: கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். ஆண்டு முழுக்க விழா எடுக்க ஆளும் பொருளும் வேண்டாமா? திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அடகில் போன கோயில் நிலத்தை மீட்டு, நின்றுபோன அமுதுபடியை மறுபடி நடத்திய செய்தி அதில் உள்ளது. அடகும் மீட்பும் கல்லில் பதிவாகும் அளவுக்கு ஒழுங்கோடு இயங்கிய ஊர், கோட்டைக்கு எட்டு நூற்றாண்டு மூத்தது.

‘கபாலீசுவரர் கோயிலே சில நூறு ஆண்டுப் பழசுதானே?’ இன்றைய கட்டடத்துக்கு அது பொருந்தும். பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறிய பின் அழிந்தது. அதன் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோமிலேயே கிடைத்தன. இடித்ததால் இல்லாமல் போனதை, என்றுமே இல்லாதது என்று சொல்வது நியாயமா?

‘அரசியல் அறிவாவது ஆங்கிலேயர்கள் தந்ததுதானே?’ 1857-இல் அவர்கள் தொடங்கிய பல்கலைக்கழகத்தால் நன்மை விளைந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்வியைக் கொண்டு என்ன செய்வது என்று முடிவெடுத்தவர்கள் நம்மவர்கள். 1884 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபை மாநாட்டுக்கு வந்தவர்களில் சிலர் மயிலாப்பூரில் கூடி, தேசிய இயக்கம் ஒன்றைப் பற்றிப் பேசியதாக அன்னி பெசன்ட் எழுதியிருக்கிறார். மறு ஆண்டே பம்பாயில் காங்கிரஸ் கூடியது. ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பு என்ற எண்ணம் 1919-இல் காந்திக்கு உதித்தது கதீட்ரல் சாலை வீடு ஒன்றில்தான்.

கப்பல் வந்த பிறகுதான் வரலாறு என்று மேற்கு ஆப்பிரிக்காவையும் சொன்னார்கள். ‘தங்கக் கடற்கரை’ என்பது வணிகர்கள் இட்ட பெயர். 1957-இல் விடுதலை பெற்ற அன்றே அம்மக்கள் அதை உதறிவிட்டு, கானா என்ற பழம் பேரரசின் பெயரைச் சூடிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 22-ஐக் கோட்டையின் நாளாகத் தாராளமாகக் கொண்டாடுங்கள். அன்றைக்கே பிள்ளைகளைத் திருவல்லிக்கேணிக்கும் அழைத்துப் போய் அந்தக் கல்வெட்டைக் காட்டுங்கள். ஊரின் வயதை அவர்களே கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.