மைக்ராஸ்கோப்புக்கு கோடி, பொட்டிக்கு தெருக்கோடியா?

போன வாரம் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் டீ குடிச்சிட்டு இருந்தேன். எங்க தெருப் பொண்ணு ஒண்ணு வந்து, "அண்ணா, 1 டெராபைட் ரொம்பறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"னு கேட்டுச்சு. "ஏம்மா, சினிமா இறக்கப் போறியா?"ன்னேன். முறைச்சுது.

அது வெளியூர்ல ஆராய்ச்சி மாணவி. புரோட்டீனை உறைய வெச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல படம் எடுக்கிற வேலை. 2017-ல வேதியியல் நோபல் கொடுத்தாங்களே, அந்த க்ரையோ-ஈஎம் சமாச்சாரம்தான். எந்த ஊர், எந்த ஆய்வுக்கூடம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ரெண்டு மாசம் காத்திருந்து ஒரு ராத்திரி மெஷின் கிடைச்சிருக்கு. சாயந்திரம் 7 மணிக்கு தானா படம் எடுக்க விட்டுட்டு ஹாஸ்டலுக்குப் போயிருக்கு. காலைல வந்து பார்த்தா ராத்திரி ரெண்டரையோட எல்லாம் நின்னு கிடக்கு. மெஷின்ல கோளாறு இல்ல. கேமரா பொட்டில இடம் இல்ல, அவ்ளோதான்.

அம்பத்தூர் எஸ்டேட்ல சிஎன்சி மெஷின்களுக்கு பொட்டி பார்க்கிறதுதான் நம்ம பொழப்பு. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை நேர்ல பார்த்ததுகூட இல்ல. ஆனா இந்தக் கதை எனக்கு நல்லாத் தெரிஞ்ச கதை. மெஷின் வாங்குறப்ப ஆறு பேர் உக்காந்து பேசுவாங்க. கூட வர்ற கம்ப்யூட்டரை மட்டும் பாத்திரக் கடைல குடுக்கிற இலவசக் கரண்டி மாதிரி வாங்கி வெச்சுப்பாங்க.

டீக்கடை பில்லு பின்னாடியே கணக்குப் போட்டோம். கேமரா 4096-க்கு 4096 புள்ளி, புள்ளிக்கு 2 பைட்னு வெச்சுக்கோங்க. ஒரு ஃப்ரேம் 33.5 எம்பி. எலக்ட்ரான் பட்டா சாம்பிள் லேசா நகருமாம். அதைப் பின்னாடி சரி பண்றதுக்காக ஒரு இடத்தை ஒரே படமா எடுக்காம 40 ஃப்ரேமா எடுக்கிறாங்க (ஆக, சினிமான்னு நான் சொன்னது தப்பில்ல :-)). 1.34 ஜிபி ஆச்சு. மணிக்கு 100 இடம்னா 134 ஜிபி. 1 டெராபைட் ஏழரை மணி நேரத்துல காலி. 7 மணிக்கு ஆரம்பிச்சா ரெண்டரை. டாண்ணு சரியா வந்துச்சு. பொண்ணு பில்லையே பாத்துட்டு இருந்துச்சு. இந்தக் கணக்கை மெஷின் வாங்கினப்பவே ஒருத்தர் போட்டிருந்தா?

முன்னாடி மனுஷன் உக்காந்து எடுத்தப்ப இந்தப் பிரச்னை இல்ல. அவருக்குக் கண்ணு எரியும், டீ குடிக்கப் போவார், படம் எண்ணிக்கை தானா மட்டுப்படும். இப்ப செரியல்-ஈஎம் மாதிரி மென்பொருள் வந்தாச்சு. கொலராடோ பல்கலைக்கழகத்து டேவிட் மாஸ்ட்ரோநார்டி எழுதினது, 2005-ல அது பத்தின கட்டுரை வந்துச்சு, இலவசமும்கூட. அதுவே நகர்த்தும், ஃபோகஸ் பண்ணும், எடுக்கும், தூங்காது. மனுஷன் இருந்த இடத்துல இப்ப டிஸ்க்குதான் தடை. திட்டம் போடுறவங்க மனசுல மட்டும் இன்னும் அந்தப் பழைய ஆளு உக்காந்திருக்கார்.

என்னைக் கேட்டா மூணு பொட்டி வேணும். மைக்ராஸ்கோப்பை ஓட்டுற பொட்டில கையே வைக்காதீங்க. அது கம்பெனி சொத்து, பெரும்பாலும் பழைய விண்டோஸ். அதுக்கு இன்டர்நெட்டும் வேணாம், கண்டவன் பென்டிரைவும் வேணாம். கேமரா பொட்டிக்கு வேகமான எஸ்எஸ்டி. அதோட வேலை வாங்கி வைக்கிறது மட்டும்தான். அதுலயே காப்பி, அதுலயே பிராசஸிங்னு ஏத்துனா, எழுதறதும் படிக்கறதும் ஒரே டிஸ்க்குக்கு அடிச்சுக்கும், படம் எடுக்கிறது திணறும். மூணாவது, ஜிபியு வெச்ச ஒரு லினக்ஸ் பொட்டி. வர வர ஃபைலை இழுத்துக்கிட்டு, நகர்வைச் சரி பண்ணி, படம் தேறுமா தேறாதான்னு அப்பவே காட்டணும். காலைல வந்து "அய்யோ, ஐஸ் சரியில்லையே"ன்னு தலைல கை வெச்சு என்ன பிரயோஜனம்?

நடுவுல இருக்கிற கேபிளையும் மறந்துடாதீங்க. சாதா கிகாபிட்ல நிஜத்துல நொடிக்கு 110 எம்பி, மணிக்கு சுமார் 400 ஜிபி. மணிக்கு 100 இடம்னா தாங்கும். 300 ஆச்சுன்னா மூச்சு முட்டும், 10 கிகாபிட் போட்டாகணும். அப்புறம் யூபிஎஸ். மைக்ராஸ்கோப்புக்கு அலமாரி சைஸுக்கு வாங்குவாங்க, வராண்டால இருக்கிற நெட்வொர்க் சுவிட்ச்சை நேரா கரண்ட்ல சொருகியிருப்பாங்க.

"பொட்டி எப்ப வேணா வாங்கிக்கலாம், விலை இறங்கிட்டே இருக்கும்"னு ஒரு வாதம் இருக்கு. பாதி சரி. மெஷின் வந்து இறங்குறதுக்கே வருஷமாகும், அதுக்குள்ள இன்னிக்கு வாங்கின டிஸ்க் பழசாயிடும். ஆனா நம்மூர்ல பணம் மார்ச் 31-க்குள்ள செலவாகணுமே! அதனால டெண்டர்லயே சேமிப்புக்குத் தனி வரி போட்டு, மெஷின் நிறுவும்போது சப்ளை பண்ணணும்னு எழுதிடணும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கவலைன்னு நினைச்சா, ஐஐடி மெட்ராஸைப் பாருங்க. சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பர்ல 'தரணி'ன்னு கருவிலிருக்கும் சிசுவோட மூளை வரைபடம் வெளியிட்டாங்க, 5132 வெட்டுகள். நம்ம பூந்தமல்லி தாண்டி தண்டலத்துல இருக்கிற சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதுல கூட்டு. அது எலக்ட்ரான் இல்ல, ஒளி நுண்ணோக்கிதான். அதுக்கே தரவு மலை மாதிரி. எலக்ட்ரான்ல போனா கதையே வேற. 2024-ல ஹார்வர்டும் கூகுளும் வெளியிட்ட மனித மூளைத் துண்டு கடுகளவுதான், 1 கன மில்லிமீட்டர். தரவு 1,400 டெராபைட்!

நம்ம ஏரியாக்காரனா இன்னொண்ணு. அதிர்வுக்குப் பயந்து மைக்ராஸ்கோப்பைக் கீழ்த்தளத்துலதான் வைப்பாங்க, வேற வழியில்ல. சேமிப்புப் பொட்டிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஃபைபர் இழுத்து மாடில வைங்க சாமி. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைல எஸ்டேட்ல தண்ணி புகுந்தப்ப எத்தனை கன்ட்ரோல் பொட்டியைக் கழுவி வெயில்ல காய வெச்சோம்னு எங்களுக்குத்தான் தெரியும்.

பொண்ணுக்கு அடுத்த மாசம் திரும்ப ஒரு ராத்திரி கிடைச்சிருக்கு. 12 மணி நேரத்துக்கு 1.6 டெராபைட். லேப்ல சும்மா கிடக்கிற பழைய டெஸ்க்டாப்புல ரெண்டு டிஸ்க் போட்டு, கேமரா பொட்டியோட இன்னொரு நெட்வொர்க் போர்ட்ல சேர்த்து, முடிஞ்ச ஃபைலை உடனுக்குடன் நகர்த்தச் சொல்லியிருக்கேன். ஆபரேட்டர் அண்ணன்கிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான். கேபிள் நான் வாங்கித் தரேன்.

டிஸ்கி: க்ரையோ-ஈஎம்ல ஆணி புடுங்குற பதிவர் யாராச்சும் இருந்தா, கணக்குல தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க. அடுத்த மாசத்துக்குள்ள குட்டினா புண்ணியமாப் போகும்.