கரையில் காப்பதைக் கடலில் இழக்கலாமா?

மதிப்புக்குரிய தமிழ்நாடு முதலமைச்சர், வனத்துறை, மீன்வளத்துறை அமைச்சர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி மேயர் ஆகியோருக்கு,



2025 ஜனவரியில் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மெரினா, பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம் என்று எந்தக் கரையும் தப்பவில்லை. சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் சேர்த்து, சில வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்கள். கண்கள் பிதுங்கியிருந்தன, கழுத்து வீங்கியிருந்தது. மூச்சுத் திணறிச் செத்ததன் அடையாளம் அது.

கடலாமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் உயிர். அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். விசைப்படகின் இழுவை வலையின் மடிக்குள் சிக்கினால் மணிக்கணக்கில் மேலே வர வழியில்லை. மடியைத் தூக்கிக் கொட்டும்போது மீனோடு மீனாக ஆமையும் விழும். மீனைப் பிரித்தெடுத்துவிட்டு, செத்த ஆமையைக் கடலில் தள்ளிவிடுவார்கள். அலை அதைக் கரையில் சேர்க்கும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் மடி இழுக்கக் கூடாது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் கரையை ஒட்டிய இதே நீரில்தான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புலிக்குத் தரும் அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பை இந்த ஆமைக்கும் தருகிறது. ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் உண்டு. ஆனால் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. ஆமைகளோ ஜனவரியிலேயே வந்துவிடுகின்றன. தடை தொடங்கும்போது முட்டையிடும் காலம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த மூன்றரை மாதங்களும் இழுவை மடியிலிருந்து ஆமையைக் காக்க இருப்பது பெரும்பாலும் 5 கடல் மைல் விதிதான்.

கரையில் நடக்கும் பணி எவ்வளவு பெரியது என்பதைச் சென்னை நன்றாக அறியும். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, நாயும் மனிதரும் கிளறுவதற்கு முன் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. 2024 பருவத்தில் தமிழகக் கரையிலிருந்து 2 லட்சத்துக்கும் அதிகமான குஞ்சுகள் கடலுக்குள் விடப்பட்டன. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்த ஆமையாகும் என்பது வல்லுநர்களின் பொதுவான மதிப்பீடு. அப்படியானால் அந்த 2 லட்சத்தில் பிழைத்து வளரக்கூடியவை 200 சொச்சம். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் ஆகும். நாமோ 2025இல் சில வாரங்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகளைச் சாகக் கொடுத்தோம். குஞ்சு விடும் நிகழ்ச்சியில் தலைவர்கள் கலந்துகொள்வது மகிழ்ச்சிதான். ஆனால் கடலில் சட்டம் நடக்காதவரை அந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது.

பூமியின் சூடும் இந்த உயிரைத்தான் குறிவைக்கிறது. முட்டையில் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸில் இரண்டும் சமமாகப் பொரியும். அதைத் தாண்டத் தாண்டப் பெண் குஞ்சுகளே மிகும். இன்னும் சில டிகிரி ஏறினால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. மார்ச், ஏப்ரல் வெயிலில் பெசன்ட் நகர் மணல் எப்படிச் சுடும் என்று சொல்லத் தேவையில்லை. வெப்பத்தை ஒரே நாளில் குறைக்க எந்த அரசாலும் முடியாது. மடியில் சாவதை நிறுத்த உங்களால் முடியும்.

நகரின் குப்பையும் வெளிச்சமும்கூட ஆமையைக் கொல்கின்றன. தி.நகர் கடைத்தெருக் குப்பை மாம்பலம் கால்வாயில் விழுந்து அடையாற்றில் கலக்கிறது. மயிலாப்பூரின் குப்பை பக்கிங்காம் கால்வாயில் மிதக்கிறது. மழை வந்தால் எல்லாம் கடலுக்குத்தான். நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பையைச் சொறிமீன் என்று நினைத்துக் கடலாமை விழுங்குகிறது. இரவில் பொரிந்து வெளியே வரும் குஞ்சு, கடல்மேல் தெரியும் வெளிச்சத்தை நம்பி ஓடும் இயல்புடையது. நம் கடற்கரைச் சாலை விளக்குகள் அதைவிடப் பிரகாசமாக இருப்பதால் சாலைப் பக்கம் திரும்பி, விடியும்போது வெயிலில் வாடிச் சாகிறது.

இது மீனவருக்கு எதிரான மடல் அல்ல. கரையோரத்தில் இழுக்கப்படும் மடி, நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் ஃபைபர் படகுக்காரர்களின் வலையை அறுக்கிறது. மீன் குஞ்சுகளையும் வாரிக்கொண்டு போகிறது. 5 கடல் மைல் விதி முதலில் எழுந்ததே அந்தச் சிறு படகுக்காரர்களின் பிழைப்புக்காக. விசைப்படகில் கூலிக்குப் போகும் தொழிலாளியின் வயிற்றில் அடிக்காமலே அதை நடத்த முடியும். எங்கள் கோரிக்கைகள் இவை:

1. ஜனவரி முதல் ஏப்ரல் வரை 5 கடல் மைலுக்குள் இரவு பகல் ரோந்து வேண்டும். விசைப்படகுகளில் பொருத்தப்பட்டுள்ள, இருப்பிடம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் தரவைக் கொண்டு விதி மீறிய படகுகளின் எண்ணிக்கையையும் எடுத்த நடவடிக்கையையும் வாரந்தோறும் வெளியிடுங்கள்.

2. மடிக்குள் பொருத்தும் கம்பித் தட்டி, மீனை உள்ளே விட்டு ஆமையை வெளியே தள்ளும். கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கேற்ற வடிவத்தை உருவாக்கியிருக்கிறது. அதைக் கட்டாயமாக்குங்கள். செலவையும், மீன் வரத்துக் குறைந்தால் அந்த இழப்பையும் அரசே ஏற்கட்டும்.

3. ஒதுங்கும் ஒவ்வொரு ஆமையையும் பிரேதப் பரிசோதனை செய்து, இடம், நாள், காரணத்தோடு ஒரே பதிவேட்டில் மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

4. பருவ மாதங்களில் மெரினா முதல் நீலாங்கரை வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவு 11 முதல் காலை 5 வரை அணையுங்கள். மாம்பலம் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் கடலில் சேர்க்கும் குப்பையை வழியிலேயே தடுத்து அள்ளுங்கள்.

2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அரசும் பல துறைகளைச் சேர்த்துக் கூட்டுப்படை அமைத்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் இரண்டும் சடலங்கள் ஒதுங்கிய பிறகே நடந்தன. இனி ஒவ்வொரு பருவத்திலும் ஆமைகள் வருவதற்கு முன்பே, டிசம்பர் முடிவதற்குள், படகுகள், ஆட்கள், நிதி, பொறுப்பு அதிகாரி யார் என்ற விவரத்தோடு திட்டத்தை அறிவியுங்கள். ஏப்ரல் முடிந்ததும் என்ன நடந்தது என்று சட்டமன்றத்தில் அறிக்கை வையுங்கள். அந்த அறிக்கையை வைத்தே உங்கள் செயலை மதிப்பிடுவோம்.

இப்படிக்கு,
அடையாறிலிருந்து,
கடற்கரையை நேசிக்கும் ஒரு குடிமகன்